பைக் விலைக்குள் ஒரு லாரி

இருபத்து மூன்று வயதில் அந்த லாரி கம்பெனியில் சேர்ந்தபோது அவருக்கென்று ஒரு வண்டி கிடையாது. எந்த ஓட்டுநருக்குக் காய்ச்சலோ, எவர் வீட்டில் கல்யாணமோ, அவருடைய வண்டியில் இவர் ஏறிக்கொள்வார். அதனால் வைத்த பெயர்தான் ஸ்டெப்னி, மாற்றுச் சக்கரம். மூன்று வருஷம் கழித்து அவருக்கே ஒரு பதினான்கு சக்கர டிரெய்லர் வந்துவிட்டது. ஆனால் பெயர் போகவில்லை. சம்பளப் பட்டியலில் மட்டும் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

நாற்பத்தொன்பதாவது வயதில், ஒரு காகித ஆலையின் முற்றத்தில், லோடு ஏற்றி முடித்து தார்ப்பாய்க்கு மேல் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆயிரம் தடவை செய்த வேலை. அன்றைக்குக் கயிற்றின் முனையிலிருந்த இரும்புக் கொக்கி வழுக்கி, இழுத்து விட்ட வில்லின் நாணாகத் திரும்பி வந்து இடது கண்ணில் அடித்தது. மருத்துவர்கள் இருபது நாள் போராடினார்கள். கண் தங்கியது, பார்வை தங்கவில்லை.

ஒரு கண் போனால் பாதி உலகம் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். தெரியாமல் போனது பாதி உலகம் இல்லை, தூரம். எது கிட்டே, எது எட்ட என்பது பிடிபடவில்லை. மேசைமேல் இருக்கும் டம்ளரில் டீயைச் சாய்த்தால், டீ டம்ளருக்கு இந்தப் பக்கமே கொட்டியது. படியிறங்கும்போது இல்லாத படியில் கால் வைத்தார். கனரக வாகன உரிமத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கம்பெனி அவரைக் கைவிடவில்லை. லாரிகள் நிறுத்தும் யார்டு வாசலில் ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். சுவரில் நாற்பது ஆணி, நாற்பது சாவி. போகிறவருக்குச் சாவி எடுத்துக் கொடுக்கவேண்டும், வருகிறவரிடம் வாங்கி மாட்டவேண்டும். நேரத்தை நோட்டில் எழுதவேண்டும். ஊரெல்லாம் வண்டி எடுக்கச் சாவி கொடுக்கிற வேலை, இனிமேல் வண்டியே எடுக்கக்கூடாத ஆளுக்கு.

அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் விடுமுறை நாட்களில் பஸ் ஏறி, ஓட்டுநருக்கு நேர் பின்னால் உள்ள இருக்கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு அவர் மனைவியிடம் சொன்னாள்.

மனைவிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வை வேலை. எத்தனை போர்வை வார்டுக்குப் போனது, எத்தனை திரும்பி வந்தது என்பது அவள் பொறுப்பு. அன்று மாலை அவள் கேட்டாள்.

"பஸ்ல எங்க போயிட்டு வர்றீங்க?"

"சும்மாதான். காத்தாட."

அதற்குமேல் அவள் தோண்டவில்லை. ஆனால் மறுவாரம் மாடிப்படிக்கு அடியில் உறை போட்டு நின்ற அவருடைய பைக்கை விற்றுவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். பார்க்கிறபோதெல்லாம் அவர் முகம் வாடுகிறது என்று தோன்றியிருக்கும். பைக் போயிற்று. பணம் அலமாரியில் ஒரு உறைக்குள் கிடந்தது.

யார்டில் புது அடையாள அட்டை போடப் புகைப்படம் கேட்டபோதுதான் விஷயம் ஆரம்பித்தது. மனைவியின் தம்பிக்குச் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ இருந்தது. நல்லவன். ஆனால் வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். கம்ப்யூட்டரைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று அவனே சொல்லுவான்.

"மாமா, ஒரு ஆல்பம் அவசரம். பத்து நிமிஷம் பின்னாடி ரூம்ல உட்காருங்க. போர் அடிச்சா அதுல லாரி விளையாட்டு இருக்கு, ஓட்டிப் பாருங்க. உங்க லைன்தானே!"

பின்னறையில் இன்னொரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆல்பம் வேலைக்கென்று வாங்கி, கேம் ஆடுவதற்கென்று வைத்திருந்தது. திரையில் லாரியின் கேபின். எதிரே கண்ணாடி, அதற்கப்பால் ஒரு சாலை. ஸ்டெப்னி முதலில் சிரித்தார். கியர் போடவேண்டாமாம், கிளட்ச் இல்லையாம், விசைப்பலகையில் அம்புக்குறியை அழுத்தினால் வண்டி திரும்புமாம். பொம்மை! என்றாலும் விரல் அழுத்தியது. வண்டி நகர்ந்தது. ஒரு வளைவில் டிரெய்லரின் வால் உள்ளே வெட்டுவதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தவர், தன்னை அறியாமல் வண்டியை இன்னும் வெளியே எடுத்துத் திருப்பினார். வால் நடைபாதையை உரசாமல் வந்தது.

போய்ச் சேரவேண்டிய இடம் ஒரு கிடங்கு. டிரெய்லரைப் பின்னால் தள்ளி, இரண்டு சுவருக்கு நடுவே விடவேண்டும். கண்ணாடியைப் பார்த்தார், மெல்லத் தள்ளினார், திருப்பினார், நேராக்கினார். ஒரே முயற்சியில் வண்டி மேடையில் போய் ஒட்டியது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரையில் தூரம் என்பதே கிடையாது. இரண்டு கண் உள்ளவனுக்கும் அது தட்டைதான். அந்த வண்டிக்குள் அவருக்குக் குறை எதுவும் இல்லை.

"மாமா! நான் இதே கிடங்குல இருபது தடவை இடிச்சிருக்கேன்!" என்றான் வாசலில் நின்ற மைத்துனன்.

அன்று எடுத்த புகைப்படத்தை யார்டு அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது. அடையாள அட்டையில் பல் தெரியச் சிரிக்கக்கூடாதாம்.

வீட்டில் சொல்ல அவருக்கு மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் கம்ப்யூட்டர் வந்தால் கரண்ட் பில் கட்டலாம் என்றார். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் அதில் பத்திரமாக வைக்கலாம் என்றார். மூன்றாம் நாள் மனைவி அரிந்துகொண்டிருந்த காயைக் கீழே வைத்தாள்.

"சுத்தி வளைக்காதீங்க. தம்பி எல்லாம் சொல்லிட்டான். லாரி விளையாட்டுத்தானே?"

"ஆமா."

"பைக் வித்த காசு இருக்கு. அதுக்குள்ள முடிங்க. அதுக்கு மேல ஒரு சல்லி கிடையாது. இன்னொண்ணு, அது ஹால்ல இருக்கணும். உள்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு நீங்க உட்கார்றதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

மைத்துனன் மறுநாளே பட்டியல் எழுதிக் கொடுத்தான். சந்தையில் இருப்பதிலேயே பெரிய பிராசஸர், அதைக் குளிர வைக்கத் தண்ணீர் ஓடும் குழாய், ஏழு நிறத்தில் மின்னும் விளக்குகள், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த கேபினெட். விலையைக் கூட்டினால் பைக்கோடு இன்னொரு அரை பைக்கையும் விற்கவேண்டும்.

ஸ்டெப்னி அந்தத் தாளை யார்டுக்கு எடுத்துப் போய், சாவி கொடுக்கிற இடைவெளியில் ஒவ்வொரு வரியாகப் படித்தார். புரியாததை மைத்துனனுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"இதுல எஞ்சின் எது, மச்சான்?"

"பிராசஸர், மாமா. ஆனா கேமுக்குக் கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம். படம் வரையறது அது."

"அப்ப ரெண்டு எஞ்சின். சரி, இந்தத் தண்ணிக் குழாய் ரேடியேட்டரா?"

"அதேதான்! பிடிச்சிட்டீங்களே!"

"நான் ஆடற விளையாட்டுக்கு இந்த எஞ்சின் அவ்வளவு சூடாகுமா?"

"ஆகாதுதான். ஆனா பார்க்க ஜோரா இருக்கும்."

"லோடு கால் டன், லாரி நாற்பது டன்னா மச்சான்? எனக்கு எது இழுக்குமோ அதைச் சொல்லுப்பா."

மைத்துனன் கொஞ்சம் முறைத்துக்கொண்டான். உதிரிபாகக் கடைகள் இருக்கும் தெருவை மட்டும் சொன்னான்.

அது ஒடுக்கமான தெரு. கீழே செல்போன் கடைகள், செங்குத்தான படியேறினால் மேலே கம்ப்யூட்டர் கடைகள். மூன்று கடையில் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுமுன் விலை சொன்னார்கள். நான்காவது கடையில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், திறந்து கிடந்த ஒரு பெட்டிக்குள் தலையை விட்டிருந்தாள். மணிக்கட்டில் காந்தப் பட்டை கட்டியிருந்தாள். அதில் வளையலுக்குப் பதிலாக நூறு குட்டித் திருகாணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தெருவில் அவளுக்கு ஸ்க்ரூ அக்கா என்று பெயர்.

பட்டியலைப் பார்த்தாள். "இது யாரு எழுதினது, அண்ணே?"

"என் மச்சான்."

"கல்யாண மண்டபத்துக்கு லைட் போடறவரா?"

"போட்டோ எடுக்கிறவரு."

"அதான். நீங்க என்ன கேம் ஆடப்போறீங்க?"

"லாரி ஓட்டறது."

"வேற?"

"அது ஒண்ணுதான்."

"ஆயுசுக்கும் அது ஒண்ணேவா?" அவள் தலையை வெளியே எடுத்து அவரை முழுசாகப் பார்த்தாள். "இந்தப் படியேறி வந்த ஆளுங்கள்லயே தெளிவான ஆள் நீங்கதான். எல்லாருக்கும் எல்லாம் ஓடணும். உட்காருங்க."

அவள் பேனாவை எடுத்துப் பட்டியலில் பாதியை அடித்தாள். பிராசஸர் போன தலைமுறையில் வந்தது போதும். விளக்கு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு பழையது வாங்கலாம், அவளே சோதித்து மூன்று மாதப் பொறுப்பில் தருவாள். "பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அது செத்தா தனியா சாகாது. நாலு பேரைக் கூட்டிக்கிட்டுத்தான் போகும்."

"பிரேக் மாதிரி."

"பிரேக் மாதிரியேதான்."

நான்கு வாரம் அவர் அந்தப் படியை ஏறி இறங்கினார். யாருக்கும் அவசரமில்லை. எந்த பிராசஸர் எந்த மதர்போர்டு பலகையில் உட்காரும், எந்த மானிட்டரில் எழுத்து கண்ணைக் கூசாது என்றெல்லாம் சாவி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார். யார்டில் ஓட்டுநர்கள், "ஸ்டெப்னி அண்ணே, பொண்ணு பாக்கற மாதிரியில்ல பாக்கறீங்க!" என்று சிரித்தார்கள். எவ்வளவு பார்த்தும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. எல்லாவற்றையும் வாங்கினால் ஸ்டீயரிங் வாங்கப் பணம் மிஞ்சாது. மேசையில் பொருத்துகிற ஸ்டீயரிங்கும் கால்மிதியும் தனியே விற்றார்கள். அம்புக்குறியை அழுத்தி லாரி ஓட்டுவதை நினைத்தாலே அவருக்குச் சப்பென்றிருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஸ்க்ரூ அக்கா சொன்ன அதே கார்டு, அவள் சொன்ன விலையில் பாதி. மிச்சத்தில் ஸ்டீயரிங்கே வாங்கிவிடலாம். அவளிடம் போன் போட்டுக் கேட்டார்.

"ஓட்டிப் பாத்து வாங்குங்க அண்ணே. ஓட்டிப் பாக்க விடலேன்னா எழுந்து வந்துடுங்க."

விற்றவர் ஒரு பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர். மூன்றாம் மாடியில் வீடு. கார்டு அவர் தம்பியுடையது. தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான், அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறான். ஓட்டிக் காட்டக் கம்ப்யூட்டர் இல்லை, அது போன வாரமே விலை போயிற்று. ஆசிரியரின் முகத்தில் கள்ளம் இல்லை. டயரை உதைத்துப் பார்க்காமல் ஒரு வண்டியில் ஏறாதவர், கார்டைத் துடைத்துப் பார்த்து, பளபளப்பாக இருக்கிறது என்று வாங்கி வந்துவிட்டார். ஸ்டீயரிங் ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

நேரே ஸ்க்ரூ அக்கா கடைக்குப் போனார். அவள் கார்டைச் சோதனை மேசையில் மாட்டினாள். படம் வந்தது. ஐந்து நிமிஷம் ஓடியது. ஸ்டெப்னி மூச்சு விட்டார். ஆறாவது நிமிஷத்தில் திரையெங்கும் பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள் தெறித்தன. பிறகு இருட்டு.

"ராத்திரி பகலா ஓட்டி வேகவெச்சிருக்காங்க. சரி பண்றதுக்கு ஆகிற செலவுல இன்னொண்ணு வாங்கலாம்" என்றாள் மெதுவாக. "நான் சொன்னேன்" என்று அவள் சொல்லவில்லை. அதற்காக அவர் அவளுக்கு மனசுக்குள் நன்றி சொன்னார்.

பணம் போனது அவரை அவ்வளவு வாட்டவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னலில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தார். 'ஒத்தைக் கண்ணன்தானே, எதைக் காட்டினாலும் வாங்கிட்டுப் போயிடுவான்' என்று யாரோ சொல்வதுபோல் இருந்தது. யாரும் சொல்லவில்லை. சொன்னது அவர்தான்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், மாதக் கணக்காக நின்றிருந்த பழக்கம் திரும்பி வந்தது. டீ டம்ளருக்கு வெளியே கொட்டியது. மனைவி துணியெடுத்துத் துடைத்தாள்.

"சொல்லுங்க. என்ன ஆச்சு?"

சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "அந்த ஆள் வீடு தெரியுமா?" என்றாள்.

"தெரியும். வேண்டாம்மா, போய் சண்டை போட்டு..."

"நான் எதுக்குச் சண்டை போடப்போறேன்? காணாமப்போன போர்வையை வார்டு வார்டாப் போய் ஒண்ணொண்ணா வாங்கிட்டு வர்றவ நான். சண்டை போட்டா ஒரு போர்வை திரும்பி வருமா?"

ஞாயிறு காலை இருவரும் மூன்று மாடி ஏறினார்கள். ஆசிரியர் கதவைத் திறந்ததும் அவள் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். குடித்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, நீங்க ஏமாத்திட்டீங்கன்னு சொல்ல நாங்க வரலை. பொருள் ஆறு நிமிஷத்துல செத்துப்போச்சு. இப்ப என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். அவளுடைய வித்தையே அந்தச் சும்மா இருப்பதுதான். கோபமில்லாத, ஆனால் எழுந்து போகும் உத்தேசமும் இல்லாத மௌனம். ஆசிரியர் நெளிந்தார். தம்பிக்குப் போன் போட்டார். எதிர்முனையில் முதலில் சிரிப்பு, பிறகு சமாளிப்பு, கடைசியில், "கொஞ்ச நாளாவே மக்கர் பண்ணிச்சு அண்ணா" என்ற குரல் வெளியே கேட்டது. ஆசிரியரின் முகம் சிவந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. பணத்தை அவன் அறை வாடகை பாக்கிக்குக் கொடுத்துட்டேன். கையில இல்லை." சுற்றுமுற்றும் பார்த்தார். பரணில் இருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். "இதை யாருமே கேட்கலை. உங்களுக்கு உபயோகப்படுமான்னு பாருங்க."

உள்ளே ஒரு ஸ்டீயரிங் இருந்தது. கூடவே இரண்டு கால்மிதிகள். தோல் உறை, பத்து மணி பத்து நிமிஷம் காட்டுகிற கடிகார முட்களைப்போலக் கை வைக்கும் இரண்டு இடத்திலும் தேய்ந்திருந்தது. ஸ்டெப்னி அதை மடியில் வைத்துக் கைகளை அந்தத் தேய்மானத்தின்மேல் வைத்தார். எடுக்கவில்லை. மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு ஆசிரியரிடம், "சரி தம்பி. இதோட தீர்ந்துச்சு" என்று எழுந்தாள்.

படியிறங்கும்போது சொன்னாள்: "போர்வைக்குப் பதிலா தலையணை."

இப்போது ஸ்டீயரிங் இருந்தது, கிராபிக்ஸ் கார்டு இல்லை, அதற்கான பணமும் இல்லை. கூடுதலாக மனைவியிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஸ்க்ரூ அக்கா முகவாயைத் தடவி யோசித்தாள்.

"கார்டே இல்லாம ஓட்டலாம் அண்ணே. பிராசஸருக்குள்ளயே படம் வரையறது சேர்ந்து வர்ற ரகம் இருக்கு. மலை, மரம் எல்லாம் சுமாராத்தான் தெரியும். ஆனா ரோடு ரோடுதான். பின்னாடி காசு சேர்ந்தா கார்டு மாட்டிக்க மதர்போர்டுல இடம் விட்டு வைப்போம்."

"வண்டி திக்காம ஓடுமா?"

"படத்தோட அலங்காரத்தைக் குறைச்சு வெச்சா ஓடும். ராமை, அதான் மெமரியை மட்டும் ஒத்தையா போடாதீங்க, ரெண்டா போடுங்க. இந்த ரகத்துக்கு ஒத்தை மாட்டு வண்டி ஆகாது."

அப்படித்தான் முடிவாயிற்று. படம் வரையும் பிராசஸர், ஜோடி ராம், கேமைச் சேமித்து வைக்க நடுத்தரமான எஸ்.எஸ்.டி., அட்டைப்பெட்டி பிரியாத புது பவர் சப்ளை, ஓர் அலுவலகத்தில் இருந்து கழித்த பழைய மானிட்டர். கேபினெட் ஒன்று மூலையில் நசுங்கியிருந்ததால் பாதி விலைக்குக் கிடந்தது. கடையில் யாரும் அதைச் சீந்தவில்லை. ஸ்டெப்னி அந்த நசுங்கலைத் தடவிப் பார்த்து, "இது ரிவர்ஸ்ல இடிச்சது" என்றார். ஸ்க்ரூ அக்கா சிரித்ததில் மணிக்கட்டிலிருந்து இரண்டு திருகாணிகள் உதிர்ந்தன.

பூட்டுவதை அவரே செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டார். முதல் திருகாணியே ஓட்டைக்கு முன்னால் காற்றில் நின்றது. தூரம் தெரியவில்லை. அவள் கையை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். அவர் கண்ணை மூடினார். இடது கையின் ஆள்காட்டி விரலால் ஓட்டையைத் தொட்டு வைத்துக்கொண்டு, அந்த விரலின் மேலேயே திருகாணியைச் சறுக்கி இறக்கினார். உட்கார்ந்தது. அதற்குப்பின் ஒவ்வொன்றையும் விரல்தான் பார்த்தது. எல்லாம் பூட்டி விசையைப் போட்டால், விசிறி சுழன்றது, திரை மட்டும் கறுப்பு. அவர் ஸ்க்ரூ அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"ராமை அழுத்துங்க. மென்மையா இல்லை, நல்லா. டக்குனு சத்தம் வரணும்."

டக்கென்றது. திரை வெளுத்தது.

வீட்டு ஹாலில், சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அதற்கு ஒதுக்கப்பட்டது. கேமை ஏற்றித் தர மைத்துனன் வந்தான். வருத்தமெல்லாம் மறந்துபோயிருந்தது. நசுங்கிய பெட்டியைச் சுற்றி வந்து, "ஒரு லைட்டுகூட இல்லையே மாமா" என்றான்.

"லைட்டெல்லாம் வண்டில இருக்கு, மச்சான்."

முதல் நாள் மரங்கள் அட்டையை வெட்டி நட்டதுபோல நின்றன. ஆற்றுக்கு மேல் பாலம் வந்தபோது தண்ணீர் நீலச் சாயம் பூசிய தகரமாகத் தெரிந்தது. அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. கண்ணாடிகளைப் பார்த்தார், ஒலி எழுப்பினார், புறப்பட்டார். மிதிகள் இரண்டுதான் என்பதால் இடது கால் கிளட்சைத் தேடி மேசையின் காலை மிதித்துக்கொண்டே வந்தது. ஒரு மணி நேரம் ஓட்டி, சரக்கை இறக்கி, இறங்குகிற பாவனையில் நாற்காலியை விட்டு எழுந்து முதுகை நெளித்தார். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், துவைத்த துணிகளை மடிக்க அவள் ஒரு முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. துடைப்பான் அங்குமிங்கும் போய் வந்தது. அவள் துணியை மடித்தபடி சாலையைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூட அவருடைய கேபினில் ஏறியதில்லை. ஓட்டுநரைத் தவிர யாரையும் ஏற்றக்கூடாது என்பது கம்பெனி விதி.

"இப்படியேதான் இருக்குமா?"

"இப்படியேதான்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து மணி நேரம். சில நாள் பன்னிரண்டு."

ஒரு துண்டை மடித்து முடித்தாள். "அவ்வளவு நேரம் யார்கிட்ட பேசுவீங்க?"

முன்னால் ஒரு பஸ் போனது, அது ஒதுங்கட்டும் என்று காத்திருந்தார்.

"உன்கிட்டதான்."

"என்கிட்டயா? எப்ப?"

"ஓட்டறப்பதான். கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லிக்கிட்டே வருவேன். எங்க சாப்பிட்டேன், எவன் குறுக்க வந்தான், முதலாளி என்ன சொன்னான்... வாய்விட்டே பேசுவேன். வீடு வந்து சேர்றப்ப சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது."

அவள் மடித்த துண்டை விரித்தாள், மறுபடி மடித்தாள். நான்கு நாள், ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படுத்துக்கொண்ட மனுஷனைப் பற்றி அவள் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தாள். அலுப்பு என்று சில வருஷம், தன்னைப் பிடிக்கவில்லை என்று பல வருஷம்.

"நீங்க சொன்னீங்க. எனக்குத்தான் கேட்கலை" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"அதை இப்பத்தானே யோசிச்சுப் பாக்கறேன்."

"சரி, ரோட்டைப் பாருங்க. பாத்துக்கிட்டே சொல்லுங்க. முதல்ல இருந்து."

எது முதல் என்று அவருக்குத் தெரியவில்லை. எதையோ பிடித்துத் தொடங்கினார். பிரேக் பிடிக்காமல் ஒரு மலை இறக்கத்தில் மண்மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தியதை, அன்று கைநடுக்கத்தில் தீக்குச்சி பற்றவைக்க முடியாமல் போனதை, அதை வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்லுவாள் என்று பயந்ததை. அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள். திரையில் லாரி சுங்கச்சாவடியைக் காசு கட்டாமல் தாண்டியது அவர்கள் இருவருக்கும் தெரியாது, அபராதம் விழுந்தது.

அதன்பிறகு முக்காலி அங்கேயே நின்றுவிட்டது. விடுமுறை நாட்களில் பஸ் ஏறுவதை அவர் விட்டார். யார்டில் சாவி கொடுக்கும் வேலை அதே வேலைதான், நாற்பது ஆணியும் அங்கேதான் இருந்தன. சில காலைகளில் டிரெய்லர்கள் வரிசையாக வாசலைத் தாண்டும்போது இப்போதும் கடைசி வண்டி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த ஏக்கம் போய்விட்டது என்று அவர் யாரிடமும் பொய் சொல்லவில்லை.

பத்து மாதம் கழித்து, பைக் விலைக்குள் என்று போட்ட விதியை மனைவியே மீறினாள். ஆஸ்பத்திரியில் கூடுதல் நேரம் பார்த்த காசோடு அவளே அந்தச் செங்குத்துப் படியேறினாள். சோதனை மேசையில் கார்டை மாட்டச் சொல்லி, ஒரு மணி நேரம் ஓடும்வரை எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். ஸ்க்ரூ அக்கா அவருக்குப் போன் போட்டு, "அண்ணே, உங்க வீட்டம்மா என்னைவிட மோசம்" என்றாள்.

கார்டை அவள் வாங்கியது அவருக்காக மட்டும் இல்லை. அதற்குள் அவளும் ஓட்டப் பழகியிருந்தாள். மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகமாட்டாள். பின்னால் வரிசையாக வண்டிகள் ஒலி எழுப்பிக் கொண்டிருக்கும். "அவங்களுக்கு என்ன அவசரம்?" என்பாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டு, "திருப்பாதே, திருப்பாதே, இப்பத் திருப்பு!" என்று கத்துவார். கார்டு வந்த அன்று கடலோரச் சாலையில், நடு ரோட்டில், அவள் லாரியை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா, இங்க நிறுத்தக்கூடாது!"

"அலை அடிக்குதுங்க, பாருங்க" என்றாள். பின்னால் பதினோரு வண்டிகள் நின்றன. அவர் கையை நீட்டி எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, அவளோடு சேர்ந்து பார்த்தார்.